பருத்திப் பூவும் பத்து விரல்களும்

நாம் அணியும் பள்ளிச் சீருடையில் பாதி பாலியெஸ்டர் என்றாலும், மீதிப் பாதி பருத்தி. அந்தப் பருத்தி விஞ்ஞானக் கூடத்திலிருந்து வயலுக்கு வந்தது என்பதைத் தோழியர் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். நம் நாட்டில் பருத்தி விளையும் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மரபணு மாற்றப்பட்ட 'பி.டி.' பருத்தியே பயிராகிறது. உயிர்த் தொழில்நுட்பம் நன்மையா, தீமையா என்று பட்டிமன்றம் நடத்தி, இரு கட்சிக்கும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்த மேடைகளில் பேசப்படாத ஒன்றைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். பொட்டலத்துக்குள் இருக்கும் விதை யாருடைய விரல்களால் உண்டானது என்பதே அது.

மரபியலின் முதல் பாடத்தை எழுதியவர் ஒரு துறவி. புருனோ நகரில் அகுஸ்தீன் சபை மடத்தில் வாழ்ந்த கிரகோர் மெண்டல், மடத்துத் தோட்டத்திலேயே எட்டு ஆண்டுகள் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். பூ மலருமுன் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் களைந்து, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவினார். 1866-இல் அவர் வெளியிட்ட முடிவுகளை 1900 வரை உலகம் பொருட்படுத்தவே இல்லை. அவர் செய்த அந்தக் கைவேலையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.டி. பருத்தியில் இருப்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு. பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்பது அதன் பெயர். அந்த மரபணுவால் செடியிலேயே ஒரு புரதம் உண்டாகிறது. அதைத் தின்னும் காய்ப்புழு குடல் கெட்டு மடிகிறது. 2002-இல் மத்திய அரசு இதற்கு அனுமதி அளித்தபோது தமிழ்நாடும் அந்த மாநிலங்களுள் ஒன்று. முதல் சில ஆண்டுகளில் பூச்சிமருந்துத் தெளிப்பு குறைந்தது. மருந்து தெளித்து மயங்கி விழுந்த உழவர்களை எண்ணிப் பார்த்தால் இது சிறிய நன்மை அன்று. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்துக்கு ஈடுகொடுக்கப் பழகிக்கொண்டது. 2006-இல் இரண்டாவது மரபணுவைச் சேர்த்தும், 2015-இல் குஜராத்தில் புழு மீண்டும் பெருஞ்சேதம் விளைவித்தது.

சீனா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இந்த மரபணு பெரும்பாலும் சாதாரண ரகங்களில் புகுத்தப்பட்டது. நம் நாட்டிலோ ஏறக்குறைய முழுவதும் வீரிய ஒட்டு விதையாகவே விற்கப்பட்டது. ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதையை மறு ஆண்டு விதைத்தால் அதே விளைச்சல் வராது. ஆகவே உழவர் ஆண்டுதோறும் கடைக்குப் போகவேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒட்டுப் பருத்தி விதையை இயந்திரம் உண்டாக்குவதில்லை. மெண்டல் செய்த அதே வேலையை யாராவது கையால் செய்தாக வேண்டும்.

மாலையில், மறுநாள் மலரவிருக்கும் மொட்டுகளைத் தேடிப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் இதழையும் மகரந்தப் பைகளையும் சூலகம் சிதையாமல் உரிக்கவேண்டும். மறுநாள் காலையில் ஆண் செடியின் பூவைப் பறித்து வந்து சூலகமுடியில் தடவவேண்டும். நாள்தோறும் புதுப் பூ. பூவுக்கு ஞாயிறும் இல்லை, தேர்வும் இல்லை. ஒரு நாள் தவறினால் அன்றைய பூ வீண். ஆந்திரத்திலும் குஜராத்திலும் கர்நாடகத்திலும் நம் தமிழ்நாட்டிலும் இந்த வேலைக்குச் சிறுமியரை அமர்த்தியது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. ராஜஸ்தானின் துங்கர்பூர் பகுதியிலிருந்து பிள்ளைகளை வண்டியேற்றிக் குஜராத் வயல்களுக்குக் கொண்டுபோனார்கள். கேட்டால், மென்மையான விரல்களுக்கே இந்த வேலை வரும் என்பார்கள். மென்மையான விரலுக்குக் கூலி குறைவு என்பதே உண்மைக் காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

இது பி.டி. பருத்தியோடு வந்த தீங்கு அன்று. சூரத்தில் உலகின் முதல் வணிக ஒட்டுப் பருத்தி வெளிவந்த 1970-லேயே இதற்கு வித்திடப்பட்டுவிட்டது. ஆயினும் புதிய விஞ்ஞானம் வந்தபோது பழைய கைவேலையையும் கூடவே சுமந்து வந்தது. ஆந்திரத்தில் குழந்தைகளை வேலையிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்ட சாந்தா சின்ஹா அம்மையாருக்கு 2003-இல் மகசேசே விருது கிடைத்தது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்கிறது. பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் சொல்கிறது. அந்தக் கடைசி வரி எங்களுக்குப் பிடிக்கவில்லை. பருத்தி மொட்டை உரிக்கும் வேளையும் பள்ளி விட்டபின் வரும் மாலைதானே!

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் மரபணு மாற்றப் பயிர்களை ஒட்டுமொத்தமாகப் பழிக்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. சிறு உழவரின் கதியையும் பார்க்கச் சொன்னார். எங்கள் கருத்தும் அதுவே. மரபணுவை விதை சேமிக்கத்தக்க சாதாரண ரகத்தில் கொடுத்தால், உழவருக்குச் செலவும் குறையும், சிறுமியருக்கு வேலையும் இராது. ஒட்டு விதைதான் வேண்டுமென்றால், மகரந்தம் உண்டாகாத பெண் செடி வகைகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் மொட்டு உரிக்கும் வேலையாவது ஒழியும். விஞ்ஞானத்துக்கு இது இயலாததன்று. இதைக் கேட்பவர்தாம் குறைவு.

அடுத்த ஆண்டு விஞ்ஞானக் கழகப் பட்டிமன்றத்துக்கு இதையே தலைப்பாக வைக்கும்படி அருட்சகோதரியாரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பருத்தி பயிரிடும் வீட்டிலிருந்து வரும் தோழியர் எந்தக் கட்சியில் பேசினாலும், அவர்களை முதலில் பேச விடவேண்டும்.