பதில் சொன்னவர்களுக்கு ஒரு பதில்



கல்லூரிகள் திறந்துவிட்டன. கேளம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் மறுபடியும் நெரிசல். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாக மாமல்லபுரம் போகும் 515-இல் காலை நேரத்தில் ஏறிப் பாருங்கள். முதுகுப் பையோடு நிற்கும் பிள்ளைகளுக்கு நடுவே, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாகச் சிலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சட்டை கசங்கிவிடக் கூடாதே என்ற கவலை முகத்தில் தெரியும். அன்றைக்கு அவர்களுக்கு பிரசன்டேஷன். எம்.பி.ஏ. மாணவர்கள், அதிலும் பெரும்பாலும் மார்க்கெட்டிங் எடுத்தவர்கள்.

படூரில் இந்துஸ்தான், காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என்., வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி., மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் மணமையில் கிரேட் லேக்ஸ். இவற்றுக்கு நடுவில் நம் கோவளம். விடுதியில் இடம் கிடைக்காதவர்களும் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்களும் நம் தெருக்களில்தான் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு, வங்கியில் கல்விக் கடன் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்களில் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கும் விளக்கு எரிகிறதே என்று வீட்டுக்காரர்கள் குறைப்படுகிறார்கள். மறுநாள் வகுப்பில் பேச வேண்டிய கேஸ் ஸ்டடியை நான்கு பேருமாக அப்போதுதான் படித்துக்கொண்டிருப்பார்கள்.

கோடை வந்தால் சம்மர் புராஜெக்ட். கையில் கேள்வித்தாளோடு கடை கடையாக, வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவலாளியே வாசலில் நிறுத்திவிடுவார். கடைக்காரர் வியாபார மும்முரத்தில் இருப்பார். ஐந்து நிமிடம் பேசுங்கள் என்று அந்நியர் ஒருவரிடம் கேட்பதற்கு எவ்வளவு கூச்சத்தை விட வேண்டியிருக்கிறது! பாடப் புத்தகம் அதைச் சொல்லித் தருவதில்லை. பிலிப் கோட்லரின் ‘மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட்’ 1967-இல் முதல் பதிப்பு கண்டது. இன்றைக்கும் இவர்கள் மேஜையில் அதுதான் இருக்கிறது. ஆனால் வாசலில் நிற்கும்போது அதில் எந்த அத்தியாயமும் கை கொடுக்காது.

கோவளத்தைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்யச் சொன்னால் இவர்களில் பலரும் அலைச்சறுக்கைத்தான் எடுக்கிறார்கள். எடுக்கலாம். மீனவரான மூர்த்தி மேகவன் நம் பையன்களுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்ததும், 2013 முதல் அதற்கென விழா நடக்கத் தொடங்கியதும், ஊரின் பெயர் வெளிநாடுவரை போனதும் சொல்லத் தகுந்த கதைதான். ஆனால் அதைவிட ஆழமான பாடம் மீன் விற்கும் இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

படகு கரையேறியதும் ஏலம். மீனைப் பார்த்து, ஒரு கணம் யோசித்து, விலையைச் சொல்லிவிட வேண்டும். தயங்கினால் கூடை வேறு கைக்குப் போய்விடும். வாங்கிய மீனைப் பெண்கள் கூறு கட்டுவார்கள். அந்தக் கையைக் கவனித்துப் பாருங்கள். பெரிய சங்கரா மேலே, சின்னது அடியில், செவுள் சிவப்பாகத் தெரியும்படி ஒருக்களித்து வைப்பார்கள். தண்ணீரைத் தெளித்து, ஈயை விரட்டி, போகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். வாடிக்கையாக வருகிறவருக்குக் கேட்காமலே நான்கு நெத்திலி கூடுதலாக விழும். வெயில் ஏற ஏற விலை இறங்கும். மத்தியானத்துக்கு மேல் இரண்டு கூறு ஒன்றாகும்.

அங்கே ஒரு மாணவர் கேட்டுக்கொண்டிருந்தார்: “ஏன்க்கா, காலையில நூறு ரூபா சொன்னீங்களே, இப்ப அறுபதா?” அந்த அம்மா கையை நிறுத்தாமல் சொன்னார்: “ஐஸ் கரையறதுக்குள்ள தள்ளிடணும் தம்பி. நாளைக்கு வேற மீனு வரும்.” ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது இதே கூறு என்ன விலைக்குப் போகும் என்பதையும் அவரே விளக்கினார். மாணவர் நோட்டில் எழுதிக்கொண்டார். நேரம் பார்த்து விலை வைப்பது பற்றி அவர் வகுப்பில் படித்திருப்பார். அதைத் தினம் செய்கிற ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொண்டதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது.

தமிழ்நாட்டின் பெரிய வியாபாரக் கதை ஒன்றும் இப்படித் தெருவில் நின்றுதான் பிறந்தது. கடலூர் சின்னிகிருஷ்ணன், வசதியானவர்கள் வாங்குவதைக் கூலி வேலை செய்கிறவரும் வாங்க முடிய வேண்டும் என்று எண்ணி, ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் போட்டார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கினார். அதுதான் பின்னாளில் கெவின்கேர் ஆனது. அவரது ‘சிக்’ ஷாம்பூவைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனபோது, ஒரு பையனின் தலையை எல்லார் முன்னாலும் அலசிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்த ஷாம்பூவாக இருந்தாலும் ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். ஆள் பழகிய பிறகு, சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் சலுகை என்று மாற்றினார்கள். எம்.பி.ஏ. வகுப்புகளில் இந்தக் கதை வரும்.

அதே பாக்கெட்டின் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. நம் கடற்கரைக்கு 2021-இல், சுத்தமான கடற்கரைகளுக்கான நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அதைக் காப்பாற்ற தினமும் மணலைச் சுத்தம் செய்கிறவர்களிடம் கேளுங்கள். பல அடுக்கு பிளாஸ்டிக்கால் ஆன அந்தச் சின்ன உறையை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம், பொறுக்குவது அதைவிடச் சிரமம். நாளைக்கு இந்தப் பிள்ளைகள்தான் சோப்பு, எண்ணெய், பிஸ்கட் நிறுவனங்களில் போய் உட்காரப்போகிறார்கள். படிக்கிற காலத்திலேயே இதை இங்கே கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஊரோடு சேர்ந்து படிப்பதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பேராசிரியர் பாலா பாலச்சந்திரன் அமெரிக்காவின் கெல்லாக் பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்தவர். அவர் 2004-இல் நிறுவிய கிரேட் லேக்ஸில் ‘கர்ம யோகா’ என்றொரு பாடம் உண்டு. மாணவர்கள் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய் அங்குள்ளவர்களோடு வேலை செய்ய வேண்டும். 2021-இல் அவர் மறைந்த பின்னும் பேசப்படுகிற நல்ல காரியங்களில் அது ஒன்று.

என் மனதில் வெகுநாளாக இருக்கிற வருத்தம் வேறு. நம்மிடம் கேட்டுப் போன பதில்கள் என்ன ஆகின்றன? ஸ்பைரல் போட்டு, கல்லூரியில் சமர்ப்பித்து, மதிப்பெண் வாங்கியதும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. பதில் சொன்ன மளிகைக் கடைக்காரருக்கு, தன் தெருவில் யார் எதை ஏன் வாங்குகிறார்கள் என்று அந்தப் பையன் கண்டுபிடித்தது கடைசிவரை தெரிவதில்லை. அது தெரிந்தால் அவருக்கு எவ்வளவு உபயோகம்!

வாசகர்களே, கேள்வித்தாளோடு யாராவது வந்தால் உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். கடையில் கூட்டம் என்றால், “நாலு மணிக்கு வா தம்பி, பேசலாம்” என்று சொல்லுங்கள். வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்று சொல்ல விருப்பமில்லாவிட்டால் அந்தக் கேள்வியை விட்டுவிடச் சொல்லலாம். அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மாணவர்களே, அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் உங்களுக்கு. கோவளம், கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர் பக்கம் நீங்கள் செய்த ஆய்வில் தெரியவந்ததை ஒரு பக்க அளவில் தமிழில் எழுதி அனுப்புங்கள். யாருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டாம். தமிழில் எழுதிப் பழக்கம் இல்லை என்றால் அலுவலகத்துக்கு வந்து வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். எந்தக் கடைகளில் கேட்டீர்கள் என்பதையும் தனியாகக் குறித்துக் கொடுங்கள். இதழ் வந்ததும் அந்தக் கடைகளுக்கு ஒவ்வொரு பிரதி நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்