யோகட்டுக்குள் எலும்பு

கந்தசஷ்டி விரத நாட்களில் பாலும் பழமும் மட்டும் உட்கொள்பவர் என் தமக்கையார். சென்ற ஆண்டு விரதத்தின் மூன்றாம் நாள், பால்தானே என்ற நம்பிக்கையில், கடையில் வாங்கிய யோகட் ஒன்றை உண்டார். வெறுங்கிண்ணத்தை எறியப்போன நான், தொழிற்பழக்கத்தால், அதில் அச்சிட்டிருந்ததை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வாசித்தேன். பால், சீனி, பால்மா, ஜெலற்றின். ஆங்கிலத்தில் மட்டும், எறும்பின் தலையளவு எழுத்தில். தமக்கையாரிடம் இன்றுவரை நான் அதைச் சொல்லவில்லை.

ஜெலற்றின் என்பது பெரும்பாலும் மாட்டினதோ பன்றியினதோ தோலையும் எலும்பையும் பதப்படுத்திப் பெறும் புரதம். மரக்கறி உண்பவருக்கு எதுவாயினும் ஆகாது. முஸ்லிம் சகோதரருக்கோ எந்த விலங்கு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்பது முக்கியம். இது பாலுக்குள் ஏன் வந்தது?

தயிர் உறைவதற்கு எலும்பு வேண்டியதில்லை. காய்ச்சிய பாலை 43 பாகை செல்சியஸ் அளவுக்கு ஆறவிட்டு, ஸ்ரெப்ரோகொக்கஸ் தேர்மோபிலஸ், லக்ரோபசிலஸ் பல்காரிகஸ் என்னும் இரு பக்டீரியாக்களை இட்டால், அவை பாற்சர்க்கரையை லக்றிக் அமிலமாக்குகின்றன. பிஎச் அளவு 4.6 ஐ அண்மிக்கும்போது கேசீன் புரதம் தானாகவே திரள்கிறது. யோகட்டுக்கே உரிய கூர்மையான மணமும் இப்பக்டீரியாக்கள் உண்டாக்கும் அசற்றல்டிகைட்டினால் வருவதே.

மட்டக்களப்பு எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழாது என்று பெருமை பேசுவோம். எருமைப்பாலில் கொழுப்பு 7 வீதமளவில் உண்டு, பசுப்பாலில் 4 வீதமளவில்தான். திண்மம் கூடிய பால் தானே இறுகும். மண்சட்டியும் நீரை உறிஞ்சும். நீர்த்த பாலுக்குத்தான் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பால்மா சேர்ப்பதை நான் குறைகூறேன். அதுவும் பால்தான். புரதம் கூடுவதால் கட்டி இறுகுகிறது. அப்புரதம் அமிலத்தை ஓரளவு தாங்கிக்கொள்வதால், அதே பிஎச் அளவை எட்டக் கூடுதல் அமிலம் வேண்டும். புளிப்புத் துலக்கமாகிறது. சீனியின் கதை வேறு. உறையிடுமுன் 10 வீதத்துக்கு மேல் கொட்டினால், அது பக்டீரியாக்களிடமிருந்து நீரை இழுக்கிறது. அவை சோர்கின்றன, அமிலமும் மணமும் குறைகின்றன. குறைந்த மணத்துக்கு வனிலா, தளர்ந்த கட்டிக்கு அரைவீத ஜெலற்றின்! ஒரு சேர்க்கையின் கெடுதலை மறைக்க இன்னொரு சேர்க்கை......

லொறியில் குலுங்கிவரும் கிண்ணத்தில் நீர் பிரியாதிருக்க இது அவசியம் என்பர் உற்பத்தியாளர். ஓரளவு உண்மை. மேலே சற்று நீர் நின்றாலே பழுது என்று எறிபவர்களும் நாமே. ஆனால், பழத்தோலிலிருந்து பெறும் பெக்ரினும் கடற்பாசியிலிருந்து பெறும் அகாரும் அவ்வேலையைச் செய்யக்கூடியனவே.

சுவையூட்டிய புளித்த பாலில் பால்சாராப் பொருட்கள் 50 வீதம் வரை இருக்கலாம் என்கிறது 2003 இன் சர்வதேச கோடெக்ஸ் தரநிர்ணயம். பாதி வரை! புலம்பெயர்ந்த வாசகர்களும் தங்கள் குளிர்சாதனப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கிற்று. கிண்ணத்தின் முகப்பில் ஸ்ரோபெரிப் படத்துக்குக் கொடுத்த இடத்தில் பத்திலொன்று போதும். 'மாட்டு ஜெலற்றின் கலந்தது' என்று தமிழில் எழுதுங்கள். வாங்குவதா விடுவதா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.