கல்வெட்டும் பழைய மடிக்கணினியும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. 2015இல் வெளிவந்து பத்தாண்டுகள் எங்கள் வீடுகளில் ஓடிய மென்பொருள் இது. கணினிகள் அன்றிரவே நின்றுவிடவில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வழமைபோல் வருவது நின்றது. விண்டோஸ் 11க்கு மாறுவோம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. நன்றாக வேலை செய்யும் பல மடிக்கணினிகள் இந்தச் சோதனையில் தேறவில்லை.

2026 ஒக்டோபர் 13 வரை ஒரு தவணை தரப்பட்டது. நுகர்வோர் அமைப்புகளின் அழுத்தத்தின் பின், ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இருப்போருக்கு அது இலவசமாயிற்று. மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்று இருந்தால் போதும். பாரிசில் உள்ள எங்கள் உறவினருக்கு அந்தச் சலுகை உண்டு. இலண்டனில் உள்ள எங்களுக்கோ, கணினியின் அமைப்புகளை அந்நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பினால் இலவசம். இல்லையேல் அதன் வெகுமதிப் புள்ளிகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது 30 டொலர் அளவில் கட்ட வேண்டும். பிரெக்சிற்றின் விலை இப்படியும் வருகிறது.

ஆனால் எங்களை யோசிக்கவைத்தது பணம் அல்ல. ஆர்ச்வேயில் நண்பர் ஒருவரின் வீட்டில், கழிவுக்கு ஒதுக்கியிருந்த மடிக்கணினி ஒன்றைத் திறந்து பார்த்தோம். அவருடைய தாயாரின் முப்பத்தோராம் நாளுக்கு 2006இல் அச்சிட்ட கல்வெட்டு அதற்குள் இருந்தது. கோப்பைப் புதிய கணினிக்கு மாற்றித் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தையும் காணோம். "அம்மாவின்ர சகோதரங்கள், ஊர், வம்சம் எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு" என்றார் நண்பர்.

காரணம் பாமினி எழுத்துரு. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல், நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யூனிக்கோடு தரத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் புலம்பெயர் அச்சகங்களும் சங்கங்களும் நெடுங்காலம் பாமினியிலேயே தட்டச்சு செய்தன. அன்று அதுவே கைக்கு எளிதாக இருந்தது.

இணையத்தில் உள்ள இலவச மாற்றி ஒன்றினால் அந்தக் கல்வெட்டை மீட்டோம். இடையில் ஆங்கிலத்தில் இருந்த முகவரி மட்டும் தமிழ் எழுத்துகளாகிக் குழம்பியது. அதைக் கையால் திருத்தினோம்.

இதே 2025இல், மே 5ஆம் திகதி ஸ்கைப்பும் மூடப்பட்டது. 2011இல் 8.5 பில்லியன் டொலருக்கு வாங்கிய சேவையை மைக்ரோசொப்ட் தனக்கு வசதியான நாளில் நிறுத்தியது. யாழ்ப்பாணத்து முற்றத்தை எத்தனையோ பேர் அதனூடாகத்தான் பார்த்தார்கள். நிறுவனங்கள் தங்கள் கணக்கைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். அதில் கோபப்பட்டுப் பயனில்லை. எங்கள் கணக்கை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

எல்லோரும் லினக்சுக்கு மாறுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ற் நன்றாக ஓடும், கடிதம் எழுத லிப்ரே ஒஃபிஸ் போதும் என்பது உண்மை. ஆனால் சங்கக் கணக்குக்கோ பிள்ளையின் படிப்புக்கோ விண்டோஸ்தான் வேண்டியிருக்கலாம். எதைத் தெரிந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்போம்: இதில் எழுதியதை நாளை வேறொரு மென்பொருளில் திறக்க முடியுமா?

எனவே, பழைய கணினியை வீசுமுன் தமிழ்க் கோப்புகளைத் தேடி எடுங்கள். பாமினியில் இருப்பதை யூனிக்கோட்டுக்கு மாற்றுங்கள். பக்க அமைப்பு குலையாமலிருக்க பிடிஎஃப் பிரதி ஒன்றும் வையுங்கள். ஊரவருக்கும் பயன்படும் மலர்களாக இருந்தால், 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டத்துக்குக் கொடுங்கள். ஆர்ச்வே நண்பரின் மடிக்கணினி இன்னும் கழிவுக்குப் போகவில்லை. அதில் இன்னும் பதினொரு கோப்புகள் மாற்றக் கிடக்கின்றன.