ஒரு 'திங்க்', நான்கு டேனியச் சொற்கள்

'ஐ திங்க்' என்று தொடங்கும் ஆங்கில வாக்கியத்தைக் கேளாத நாள் நமக்கு அரிது. பள்ளிப் பிள்ளைகள் சொல்லுகின்றனர். அலுவலகத்தில் மேலாளர் சொல்லுகிறார். மருத்துவரும் வழக்கறிஞரும் சொல்லுகின்றனர். நாளை மழை பெய்யும் என்பதற்கும் அதே 'திங்க்'. நேற்றுப் பார்த்த திரைப்படம் நன்று என்பதற்கும் அதே 'திங்க்'. ஆழ்ந்த யோசனையில் இருக்கிறேன், குறுக்கிடாதே என்பதற்கும், அரசின் வரி விதிப்பு முறையற்றது என்று வாதிடுவதற்கும் அதுவே. ஒரு சொல் இத்தனை வேலை செய்வதைக் கண்டு ஆங்கிலத்தின் சிக்கனத்தை மெச்சுவோர் உண்டு. அச்சொல்லை டேனிய மொழியில் பெயர்க்க முற்படுவோருக்குத்தான் அச்சிக்கனத்தின் விலை தெரியும்.

டேனிய மொழி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1620-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கால் ஊன்றிய டென்மார்க் நாட்டார், 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் செல்லும் வரை, 225 ஆண்டுகள் அம்மொழியை நம் கடற்கரையில் பேசி வந்தனர். அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் அலையோசைக்கு எதிரே நிற்கிறது. டேனிய மொழியும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்தவை. ஆயினும் 'திங்க்' என்னும் சொல்லை அதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், 'எந்தத் திங்க்?' என்று அது திருப்பிக் கேட்கும்.

மனம் தொழிற்படுவதை மட்டும் குறிப்பதாயின் 'டெங்கெ' என்பது சொல். கணக்குக்கு விடை தேடும் மாணவன் செய்வதும், வெளியூரில் இருக்கும் மகனைத் தாய் நினைப்பதும், உறக்கம் வராத இரவில் ஒரு கவலையை நாம் அசைபோடுவதும் 'டெங்கெ'. ஆங்கிலச் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது இதுவே. ஆதலால் கற்பவர் இதனையே எங்கும் வழங்கத் துணிவர். ஆனால் 'எனக்கு இப்படிப் படுகிறது' என்று கருத்துரைக்க வாய் திறந்தால், இச்சொல் பெரும்பாலும் உதவாது. அதற்கு 'சூனெஸ்', 'ட்ரோ', 'மேனெ' என்ற மூன்று சொற்கள் காத்திருக்கின்றன. (முதற் சொல்லின் உயிரொலி தமிழில் இல்லை. 'ஊ' என்பதற்குப் போல உதடுகளைக் குவித்துக்கொண்டு 'ஈ' என்று ஒலித்தால் ஏறக்குறைய வந்துவிடும்.)

ஒரு திரைப்படத்தைப் பற்றி நண்பர் வினவுகிறார். 'நல்ல படம் என்று நினைக்கிறேன்' என்று விடை கூற வேண்டும். நாம் அப்படத்தைப் பார்த்திருந்தால் 'சூனெஸ்' என்றே சொல்ல வேண்டும். பார்க்கவில்லை, சுவரொட்டியைக் கண்டும் பிறர் பேசக் கேட்டுமே அறிவோம் என்றால் 'ட்ரோ' என்றுதான் சொல்லலாம். பார்த்த படத்துக்கு 'ட்ரோ' என்று சொல்லிவிட்டால் கேட்பவர் குழம்பிப்போவார், 'பார்த்தீரா, இல்லையா?' என்பார். அடுப்பில் கொதிக்கும் குழம்பில் உப்பு மிகுந்துவிட்டது என்று, ருசி பாராமல், கை தவறியதை மட்டும் எண்ணிச் சொல்லுபவள் 'ட்ரோ' என்பாள். ஒரு துளியை நாவில் விட்ட பின்னரே 'சூனெஸ்' என்னும் உரிமை அவளுக்கு உண்டு. கடை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது போல, சென்று பார்த்தால் தெளியக்கூடிய செய்தி எதற்கும் 'சூனெஸ்' பொருந்தாது. சுவைத்தும் பழகியும் பெற்ற அபிப்பிராயத்துக்கே அது உரியது. அம்மொழி கற்கப் புகும் வெளிநாட்டாரில் பெரும்பாலோர் தொடக்கத்தில் கால் இடறும் கல் இது. இலக்கணப் பிழை என்று நாம் இதனைத் தள்ளிவிட முடியாது. காணாததைக் கண்டது போல் பேசிவிடும் ஆபத்து இதில் உள்ளதன்றோ?

'சூனெஸ்' என்பதன் பிறப்பும் இதற்கு இசைந்தே இருக்கிறது. டேனிய மொழியில் 'சூன்' என்றால் பார்வை. முற்காலத்தில் இவ்வினை 'நான்' என்னும் எழுவாயை ஏற்கவில்லை. 'எனக்கு' என்பதோடுதான் வந்தது. 'எனக்குத் தோன்றுகிறது' என்று நாம் இன்றும் சொல்லுகிறோமே, அதே அமைப்பு! தமிழில் அவ்வமைப்பு நிலைத்திருக்க, டேனியரோ அதனைக் கைவிட்டு, 'நான்' என்று தொடங்கும் வாக்கியத்துக்கு மாறிவிட்டனர். ஆங்கிலத்தின் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் சிந்தித்தலுக்கு ஒரு வினையும் தோன்றுதலுக்கு மற்றொரு வினையும் தனித்தனியே இருந்தன. ஓசையில் நெருங்கியிருந்த அவ்விரண்டும் நாளடைவில் ஒன்றாய்க் கலந்துபோயின. 'மீதிங்க்ஸ்' என்று ஷேக்ஸ்பியர் நாடக மாந்தர் பேசுவதைக் கல்லூரியில் படித்தவர்கள் நினைவுகூரலாம். அதன் பொருள் 'எனக்குத் தோன்றுகிறது' என்பதே. மறைந்துபோன இரண்டாவது வினையின் எச்சம் அது. எனவே ஆங்கிலம் பிறக்கும்போதே இந்த வேறுபாட்டை அறியாததன்று, வைத்திருந்து தொலைத்துவிட்டது. 'பிலீவ்', 'சப்போஸ்', 'கெஸ்' முதலிய சொற்கள் அம்மொழியில் இல்லாமலில்லை. வேண்டுபவர் அவற்றைத் தேடி எடுக்கலாம். தேடும் கட்டாயம் இல்லை. டேனியருக்கோ அந்தக் கட்டாயம் உண்டு.

மூன்றாவதான 'மேனெ' எடைமிக்க சொல். காரணங்களை ஆய்ந்து, இதுவே என் முடிவு என்று ஒருவர் நிற்கும் நிலையை அது காட்டும். நாட்டு நடப்பைப் பற்றிய விவாதங்களில் அதுவே மிகுதியாய் ஒலிக்கும். நோயாளியின் உறவினர் மருத்துவரின் முகத்தையே பார்த்து நிற்கும் வேளையை எண்ணிப் பாருங்கள். 'பிழைத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்' என்கிறார் அவர். பரிசோதனைகளைச் சீர்தூக்கிக் கூறும் தீர்ப்பா அது? அல்லது மனிதனுக்கு மனிதன் சொல்லும் நல்லெதிர்பார்ப்பா? ஆங்கிலத்தில் 'திங்க்' என்றால் குரலையும் முகத்தையும் கொண்டே ஊகிக்க வேண்டும். டேனிய மொழியில் முன்னதற்கு 'மேனெ' என்றும், பின்னதற்கு 'ட்ரோ' என்றும் வருவது இயல்பு. அன்றிரவு வீட்டுக்குப் போகலாமா, வெளிநாட்டிலிருக்கும் மகனை வரவழைக்க வேண்டுமா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பற்றி நிற்கும். ஆயினும் இவ்வெல்லைகள் சுவர் எழுப்பியவை என்று நேயர்கள் கருத வேண்டா. 'எனக்கு நினைவிருக்கிற வரையில்' என்னும் பொருளிலும் 'மேனெ' வரும். 'சூனெஸ்' என்பதோடு அது உரசிக்கொள்ளும் இடங்களும் பல.

இனி 'ட்ரோ' என்பதற்கு வருவோம். மேலே சொன்னவற்றைக் கொண்டு இதனை உறுதியற்ற, இலேசான சொல் என்றே நேயர்கள் முடிவுகட்டியிருப்பர். பேருந்து பத்து மணிக்கு வரும் என்பது போன்ற அன்றாட ஊகங்களுக்கெல்லாம் அதுதானே உதவுகிறது! ஆனால் டேனியக் கிறிஸ்தவர்கள் விசுவாசப் பிரமாணத்தை உரைக்கும்போது நாவில் எழும் வினையும் இதே 'ட்ரோ'. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் மூன்று புண்ணியங்களில் முதலாவதற்கு அம்மொழியில் பெயர் 'ட்ரோ'. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் பிரமாணிக்கமாயிருப்பதைக் குறிக்கும் அடைமொழியும் 'ட்ரோ'வே. ஆங்கிலத்தின் 'ட்ரூ' என்பது இதற்கு உறவு.

ஊகமும் விசுவாசமும் ஒரே ஆடையை உடுத்துவது எங்ஙனம்? பின்னே வரும் சிறு சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு செய்தியை 'என்று' என்பதோடு சேர்த்தால் ஊகம். ஒருவர் 'மேல்' என்னும் பொருளுடைய 'போ' என்ற உருபோடு சேர்த்தால் விசுவாசம். தமிழிலும் இப்படித்தான் அல்லவா? 'அவன் வருவான் என்று நம்புகிறேன்' என்பதில் ஐயத்தின் நிழல் உண்டு. 'அவனை நம்புகிறேன்' என்றால் அந்நிழல் இல்லை. நம் பழைய செபப் புத்தகங்களில் 'விசுவசிக்கிறேன்' என்றிருந்த இடத்தில் இக்கால நூல்கள் 'நம்புகிறேன்' என்று வழங்குகின்றன. புதிய சொல் வலுவற்றது என்று குறைப்படுவோர், அது 'கடவுளை' என்னும் இரண்டாம் வேற்றுமையோடு நிற்பதைக் கவனித்தால் மனம் ஆறலாம் என்பது நம் எண்ணம்.

கோபனேகன் நகரத்தில் பிறந்த கீர்க்ககோர் என்னும் சிந்தனையாளர் 1843-இல் 'அச்சமும் நடுக்கமும்' என்ற நூலை வெளியிட்டார். ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் மலையை நோக்கி நடந்த அந்த மூன்று நாட்களையே அந்நூல் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்நூல் பேசும் விசுவாசமும் 'ட்ரோ'தான். பேருந்து வருமா என்று நிற்பவன் வாயிலுள்ள சொல்லையே குலத்தந்தையின் தலைமேல் வைத்துப் படிக்க வேண்டிய நிலை டேனிய வாசகருக்கு. மொழிபெயர்ப்பில் படிக்கும் நமக்கு அந்த அதிர்ச்சி கிடைப்பதில்லை.

கண்டதையும் கருதியதையும் கலவாமல் காத்த ஒரு டேனியரை இங்கே குறிப்பிட வேண்டும். அவர் மொழியே அவரை அப்படி ஆக்கிற்று என்று சொல்ல நாம் துணியோம்; அதே மொழியைப் பேசி வதந்தி பரப்புவோரும் கோபனேகனில் இருப்பர். நீல்ஸ் ஸ்டென்சன் 1638-இல் அந்நகரில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். 1660-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டின் தலையை அறுத்து ஆராய்ந்தபோது, காதருகேயுள்ள சுரப்பியிலிருந்து வாய்க்கு உமிழ்நீர் கொண்டுவரும் குழாயைக் கண்டறிந்தார்; இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. இதயம் உயிர்வெப்பத்தின் உறைவிடம் என்று அறிஞர் பலர் கருதியிருந்த காலத்தில், அது ஒரு தசையே என்று அறுத்துக் காட்டினார். லூத்தரன் சபையில் வளர்ந்த அவர் 1667-இல் பிளாரன்ஸ் நகரில் கத்தோலிக்கரானார். 1675-இல் குருவாகவும் 1677-இல் ஆயராகவும் திருநிலைப்பாடு பெற்றார். 1686-இல் மறைந்த அவரைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1988-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

அவர் கத்தோலிக்கராவதற்கு முன், 1665-இல், பாரிஸ் நகரில் அறிஞர்கள் கூடிய இல்லம் ஒன்றில் மூளையைப் பற்றி உரையாற்றினார். மூளையின் நடுவேயுள்ள சிறு சுரப்பி ஒன்று அசைந்து அசைந்து உடலை இயக்குகிறது என்று தெக்கார்த் என்னும் பேரறிஞர் எழுதி வைத்திருந்தார். அவையோரில் பலர் அதனை ஏற்றிருந்தனர். அச்சுரப்பி சுற்றிலும் பிணிக்கப்பட்டிருப்பதால் அப்படி அசைய இயலாது என்பதை, தாம் அறுத்துக் கண்டபடி ஸ்டென்சன் எடுத்துரைத்தார். ஆனால் உரையின் தொடக்கத்திலேயே அவர் செய்தது வேறு: மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று அவையோர் முன் அறிவித்தார். 1669-இல் அவ்வுரை அச்சேறியது. பிரெஞ்சு மொழியில் நிகழ்த்தப்பட்டமையால் எங்கே 'ட்ரோ', எங்கே 'சூனெஸ்' என்று அவருடைய தாய்மொழியில் எண்ணிப் பார்க்க நமக்கு வழியில்லை. ஆயினும் படிப்போருக்கு அவ்விடங்கள் தெரியவே செய்கின்றன.