சுனில் சேத்ரியின் இரண்டாம் வருகை யாருடைய தோல்வி?

2024 ஜூன் 6ஆம் நாள், கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துக்கு எதிராகத் தம் 151ஆவது பன்னாட்டுப் போட்டியை ஆடி சுனில் சேத்ரி விடைபெற்றார். அதுவரை அவர் அடித்திருந்தவை 94 கோல்கள். ஆடவர் பன்னாட்டுக் கால்பந்து வரலாற்றில் ரொனால்டோ, அலி தாயி, மெஸ்ஸி ஆகிய மூவர் மட்டுமே அன்று அவருக்கு முன்னால் இருந்தனர். இன்னொரு சேத்ரி பிறக்கப் போவதில்லை என்ற பொருளிலேயே அன்றைய புகழுரைகள் பெரிதும் அமைந்தன. ஒன்பது மாதங்கள் கழித்து, 2025 மார்ச்சில், நாற்பது வயதான அவரே மீண்டும் இந்தியச் சட்டையை அணிந்து ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 95ஆவது கோலை அடித்தார். நாடு மகிழ்ந்தது. எனக்கு அந்த மகிழ்ச்சியே கவலையைத் தந்தது. அதற்கான காரணத்தை எழுதிப் பார்க்கவே இப்பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சேத்ரி திரும்பி வந்ததை நான் குறை கூறவில்லை. 2024-25 ஐ.எஸ்.எல். பருவத்தில் 14 கோல்கள் அடித்து, இந்திய வீரர்களுள் முதலிடத்தில் நின்றவர் அவர்தான். தகுதியின் அடிப்படையில் அணியைத் தேர்ந்தெடுக்கும் எந்தப் பயிற்சியாளரும் அவரை அழைத்திருப்பார். ஆகவே, அவர் ஏன் வந்தார் என்பதைவிட, நாற்பது வயது வீரரே தகுதியில் முதல்வராக நிற்கும் நிலை எப்படி உருவானது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

டெல்லியில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. படைவீரர் குடும்பத்தில் பிறந்த சேத்ரியின் கால்பந்து வாழ்க்கை இந்நகரின் சிட்டி கழகத்தில்தான் தொடங்கியது. 2002இல் மோகன் பகான் அவரை எடுத்துக்கொண்டது. டெல்லி கேட் அருகே, கிரிக்கெட்டின் கோட்லா மைதானத்தை ஒட்டி, அம்பேத்கர் மைதானம் இருக்கிறது. 2008 ஆகஸ்ட் 13 அன்று அங்கு நடந்த ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில் தஜிகிஸ்தானுக்கு எதிராக அவர் மூன்று கோல்கள் அடித்தார். இந்தியா 4-1 என வென்றது. அந்த வெற்றியால்தான் 1984க்குப் பிறகு முதன்முறையாக, 2011 ஆசியக் கோப்பையில் இந்தியா ஆட முடிந்தது. கோட்லா வாயிலில் கூடும் கூட்டத்தைக் கடந்து செல்பவர்களுள் எத்தனை பேருக்குப் பக்கத்து மைதானத்தின் இந்தக் கதை தெரியும்?

சேத்ரியின் இளமைக் காலத்தில் டூரண்ட் கோப்பை டெல்லியில் நடந்துவந்தது; நாட்டின் பெரிய கழகங்கள் இங்கு வந்து ஆடின. 2019இல் அப்போட்டி கொல்கத்தாவுக்குச் சென்றது. அதே ஆண்டில் டெல்லி டைனமோஸ் அணியும் புவனேசுவரத்துக்கு இடம்பெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆயிற்று. 2014இல் இத்தாலியின் டெல் பியரோவை நாற்பதை எட்டும் வயதில் அழைத்து வந்து ஆடவைத்த அணி அது. நட்சத்திரத்தைக் கொண்டுவர முடிந்த நமக்கு, கழகத்தை ஐந்து ஆண்டுகளுக்குமேல் ஓர் ஊரில் நிலைநிறுத்த முடியவில்லை. ஒரு சிறுவன் தன் ஊரிலேயே பெரிய ஆட்டத்தைப் பார்க்கவும், பெரிய கழகங்களின் கண்ணில் படவும் இருந்த வழிகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் குறுகின.

இதைவிட அடிப்படையான காரணம் ஒன்றும் இருக்கிறது. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014இல் ஓர் அணி ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம். பின்னர் அது ஐந்தாகவும் நான்காகவும் குறைந்தது. அந்த இடங்களுள் ஒன்றைக் கழகங்கள் பெரும்பாலும் நடு முன்கள வீரருக்கே ஒதுக்கின. 2024-25 வரையிலான பதினொரு பருவங்களில் அதிக கோல் அடித்தவருக்கான விருதை ஓர் இந்தியரும் பெற்றதில்லை. கழகங்களை மட்டும் குற்றம் சாட்டிப் பயனில்லை. கோல் அடிப்பவருக்காகக் காத்திருக்க அவற்றுக்கு நேரமில்லை. விலைக்கு வாங்குவது எளிது. ஆனால் கோல் அடிக்கும் திறன் என்பது கோல் முகத்தில் நூற்றுக்கணக்கான முறை தவறவிட்ட பிறகு வருவது. தவறவிடும் உரிமையே மறுக்கப்பட்ட இடத்தில் அத்திறன் எங்கிருந்து வளரும்? காரைக்குடிப் பகுதியிலிருந்து வந்து, 2022 டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டியில் பெங்களூரு அணிக்காக முதல் கோலை அடித்த சிவசக்தி நாராயணனைப் போன்றோர் நம்மிடம் இல்லாமல் இல்லை. அவர்களுக்குத் தொடர்ந்து நடு முன்களத்தில் ஆடும் வாய்ப்பு எத்தனை கழகங்களில் கிடைக்கும் என்பதுதான் ஐயம்.

பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு இந்நிலை புதிதன்று. பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் விட்டுவிட்டு, ஓய்வுபெற்ற பேராசிரியரை மீண்டும் வகுப்பெடுக்க அழைக்கும் துறைகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர் நன்றாகவே கற்பிக்கிறார், மாணவர்களும் மகிழ்கின்றனர். அந்த நன்மையே காலியிடத்தை மறைத்துவிடுகிறது. தனிமனிதரின் மேன்மை நிறுவனத்தின் வெறுமைக்குத் திரையாகும் இடம் இதுவே.

பெல்ஜியத்தை எண்ணிப் பாருங்கள். சுமார் 1.1 கோடி மக்கள் கொண்ட நாடு. 2000இல் ஐரோப்பியக் கோப்பையை நெதர்லாந்துடன் இணைந்து நடத்தி, முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதன்பின் மிஷேல் சப்லோன் தலைமையில் சிறுவர் கால்பந்தை மாற்றி அமைத்தார்கள். சிறுவர்கள் இருவருக்கு இருவர், ஐவருக்கு ஐவர், எண்மருக்கு எண்மர் என ஆடி வளர்ந்தனர். மிகச் சிறிய வயதினருக்கு வெற்றி தோல்விப் பட்டியலையே நீக்கினர். 2018 உலகக் கோப்பையில் அந்நாடு மூன்றாம் இடம் பெற்றது. அணித்தலைவர் ஏடன் அசார் 2022 டிசம்பரில், 31 வயதில், தேசிய அணியிலிருந்து ஓய்வுபெற்றார். வருத்தம் இருந்தது, ஆனால் அவரை விட்டால் கோல் அடிக்க ஆளில்லை என்ற நிலை அங்கே உருவாகவில்லை. அத்தலைமுறை ஒரு பெரிய கோப்பையையும் வெல்லவில்லை என்பதும் உண்மைதான். எனினும் வீரர்கள் பிறப்பதற்குக் காத்திராமல், உருவாக்கலாம் என அந்நாடு காட்டியது.

சேத்ரியின் கோல்களுள் பல, தரவரிசையில் தாழ்ந்த அணிகளுக்கு எதிராக அடிக்கப்பட்டவை என்று சிலர் கூறுவர். எதிரே நிற்கும் அணியை முன்கள வீரர் தேர்ந்தெடுப்பதில்லை. ஆசியக் கோப்பையில் 2011இல் பகரைன், தென்கொரியா அணிகளுக்கு எதிராகவும், 2019இல் தாய்லாந்துக்கு எதிராகவும் அவர் கோல் அடித்தார். 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையிலோ, மூன்று போட்டிகளிலும் இந்தியா ஒரு கோலும் அடிக்கவில்லை. எச்சரிக்கை மணி அவர் விடைபெறுவதற்கு முன்பே ஒலித்துவிட்டது.

2018 ஜூனில் மும்பையில் சீனத் தைபே அணிக்கு எதிராக அவர் மூன்று கோல்கள் அடித்ததைக் காண வந்தவர்கள் சுமார் 2,500 பேர். திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று அவர் காணொளியில் வேண்டினார். அடுத்து கென்யாவுடன் நடந்த அவருடைய நூறாவது போட்டிக்கு மைதானம் நிறைந்தது. கோல் அடிப்பதோடு, பார்வையாளரைத் திரட்டும் வேலையையும் அணித்தலைவரே செய்ய வேண்டியிருந்தது. அதை நாம் நெகிழ்ச்சியான கதையாக நினைவில் வைத்திருக்கிறோம். கூட்டமைப்பின் கடமை ஒரு வீரரின் தோளில் ஏற்றப்பட்ட கதையாக வாசிக்கவில்லை.

2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பை இந்தியா இழந்தது. எதற்காகச் சேத்ரி அழைக்கப்பட்டாரோ அந்த நோக்கம் அங்கே முடிந்தது. 95 கோல்களுக்காக அவருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அக்கடனைச் சிலை வைத்துத் தீர்க்க இயலாது. ஐ.எஸ்.எல். அணிகளில் இருபது வயது இந்தியர் ஒருவர் நடு முன்களத்தில் நின்று, பத்து வாய்ப்புகளைத் தவறவிட்ட பிறகும் அடுத்த வாரம் களமிறக்கப்படும் நாளில்தான் அது தீரத் தொடங்கும்.