பட்டா இருந்தாத்தான் விவசாயியா?

2021 ஆகஸ்ட் 14இல் தமிழ்நாட்டுச் சட்டசபையில் முதல் தனி வேளாண் பட்ஜெட் படித்தார்கள். நல்லது. யாருக்குப் படித்தார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இங்கே சாகுபடியாளர் சுமார் 42 லட்சம். விவசாயக் கூலிகள் 96 லட்சம். சேற்றில் நிற்கிறவள் கூலி, வரப்பில் நிற்கிறவர் விவசாயி. அரசாங்க அகராதி இதுதான். இந்தியா முழுக்க, சாகுபடி நிலப்பரப்பில் தலித்துகள் கையிலிருப்பது 9 சதவீதத்துக்கும் குறைவு என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பே சொல்கிறது.

1990இல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம். கிணறு இருக்கணும், மோட்டார் இருக்கணும். 2019இல் பிரதமர் பெயரில் வருசத்துக்கு 6,000 ரூபாய். நிலம் இருக்கணும். 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி 12,110 கோடி. அந்தக் கடன் வாங்கவே சிட்டா, அடங்கல் இருக்கணும். வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், காகிதம் இல்லாத வியர்வைக்கு இங்கே வட்டிச் சலுகை கிடையாது. அது கந்துவட்டிக்காரனிடம்தான் போகும். அவனிடம் பட்ட கடன் இந்தத் தள்ளுபடியில் வராது.

"அப்போ சின்ன விவசாயி கடனிலேயே சாகட்டுமா?" என்பீர்கள். சாக வேண்டாம். தள்ளுபடி பண்ணுங்க. ஆனால் அதுக்கு 'விவசாயத்துக்குச் செலவழித்தோம்' என்று பேர் வைக்காதீங்க. பட்டாவுக்குச் செலவழித்தீங்க.

பொருளாதார மேதைகள் வேறு ராகம் பாடுகிறார்கள். மானியத்தை வெட்டு, கண்மாய்க்கும் ரோட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் போடு என்கிறார்கள். சரி, கண்மாய்க்கே போடுங்கள். பாசனத்தை விவசாயிகளிடம் ஒப்படைக்க 2000இல் வந்த சட்டத்திலும் சங்க உறுப்பினர் நில உடைமையாளர்தான். மண் சுமந்தவளுக்கு மடையைப் பற்றிப் பேச ஓட்டு இல்லை. பசுமலையிலிருந்து திருமங்கலம் ரோட்டில் போய்ப் பாருங்க, மானியத்தில் நனைந்த வயலெல்லாம் பிளாட்டு. விலை பட்டாதாருக்கு. நாற்று நட்டவளுக்கு வேலையும் போச்சு.

வெள்ளைக்காரனுக்கே இது புரிந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கு உத்தரவு வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10இல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள்.

நிலமற்ற தலித், பழங்குடிக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க 2023இல் 'நன்னிலம்' திட்டம் வந்தது. பாதி விலை மானியம், அதிகபட்சம் 5 லட்சம். கணக்குப் போடுவது என் பிழைப்பு, போடுகிறேன்: 2021இல் தள்ளிய 12,110 கோடியில் 2,42,200 பெண்களுக்கு இந்த 5 லட்சம் கொடுத்திருக்கலாம். காசு இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு. குத்தகைக்காரரையும் கூலியையும் விவசாயி என்று பதிவு செய். கண்மாய்ச் சங்கத்தில் கூலிக்கும் ஓட்டுக் கொடு. அதன்பிறகு பட்ஜெட்டுக்குப் பச்சை அட்டை போடு.