இரவலும் சூறையும்: பிக்சல் ஓவியரின் உரிமை பற்றிய ஒரு வாதம்

தொலைக்காட்சித் தொடர்களின் பாத்திரங்களைச் சின்னஞ்சிறு வண்ணச் சதுரங்களால் மீளப் படைத்து இணையத்தளங்களிற் காட்சிக்கு வைப்போர் இன்று உலகெங்கும் உளர். பிக்சல் ஓவியர் எனப்படும் இவர்கள் மீது அண்மைக்காலத்தில் ஒரு குற்றச்சாட்டு எழுந்துள்ளது. பிறருடைய பாத்திரங்களை இரவல் கொண்டு வளர்ந்தவர்கள், தம் ஓவியங்களைச் செயற்கை நுண்ணறிவு எடுத்தாளும்போது மட்டும் கூக்குரலிடுவது என்ன நியாயம் என வினவப்படுகின்றது. மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இவ்வினா நியாயமானதாகவே தோன்றும். ஆயின், இரவலையும் சூறையையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்திற் பிறந்த வினா இது.

பிக்சல் ஓவியத்துக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. படத்தின் மிகச் சிறு கூறு என்ற கருத்தைக் கணினித் திரை தோன்றுமுன்னரே தொலைக்காட்சிப் பொறியியலாளர் கையாண்டனர். 'பிக்சல்' என்ற சொல் 1965 இல் விண்வெளிப் படங்களை ஆராய்ந்த பிரெடெரிக் பில்லிங்ஸ்லியின் எழுத்தில் அச்சேறியது. 'பிக்சல் ஓவியம்' என்ற வழக்கு 1982 இல் ஏடெல் கோல்ட்பேர்க், றொபேட் பிளெகல் ஆகியோரின் குறிப்பில் இடம்பெற்றது. அக்காலத்து வீட்டு விளையாட்டுக் கருவிகள் தொலைக்காட்சிப் பெட்டியையே தமது திரையாகக் கொண்டன. எனவே, தொலைக்காட்சியினின்று இக்கலை பொருள் கொள்வதைப் பிறன் மனையிற் புகுந்த செயலாகக் காட்டுவது வரலாற்றறியாமையாகும்.

இக்கலையின் இலக்கணம் யாது? ஒவ்வொரு சதுரமும் ஒரு முடிவு என்பதே அது. 1981 இல் வெளிவந்த 'டொங்கி கோங்' விளையாட்டில் மியாமோட்டோ படைத்த மரியோவை நோக்குக. மிகச் சில புள்ளிகளில் வாயைக் காட்ட இயலாமையால் மீசை பிறந்தது. தலைமயிரை வரைதல் கடினமாதலால் தொப்பி பிறந்தது. 1984 இன் மக்கின்ரோஷ் கணினிக்குரிய குறிப்படங்களைச் சூசன் கெயர் முதலிற் கட்டத்தாளிலேயே சதுரம் சதுரமாக நிரப்பி வரைந்தார். வசதிக் குறைவை வடிவமாக மாற்றும் இவ்வுழைப்பே பிக்சல் ஓவியத்தின் உயிர்நிலை.

தொலைக்காட்சிப் பாத்திரத்தை வரைபவர் செய்வதும் இதுவே. 1966 இல் தொடங்கிய 'ஸ்ரார் ட்ரெக்' தொடரின் ஸ்பொக்கைப் பதினாறுக்குப் பதினாறு, அதாவது 256 சதுரங்களுள் அடக்க முனையும் ஓவியர் எதனை வைப்பது, எதனை விடுவது எனத் துணிதல் வேண்டும். நடிகரின் முகச்சாயல் அங்கே நில்லாது. நீலச் சட்டை, சாய்ந்த புருவம், கூர்ங்காது ஆகியனவே எஞ்சும். அவ்வாறு எஞ்சுவனவே அப்பாத்திரத்தின் சாரம் என்பதை ஓவியர் எமக்கு உணர்த்துகின்றார். இது வெறும் பிரதி அன்று, திறனாய்வுமாகும். மேலும், இன்ன தொடரின் இன்ன பாத்திரம் என்பதை அவர் மறைப்பதில்லை. பார்ப்போர் மூலத்தை இனங்கண்டுகொள்வதிலேயே அவரது வெற்றி தங்கியுள்ளது. கடன் கொடுத்தவரின் பெயரை நெற்றியில் எழுதி வரும் இரவல் இது. அத்தகைய படத்தை விற்றுப் பொருளீட்டுவோர் மூலத்தின் உரிமையாளருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை நாம் மறுக்கவில்லை.

இனி, மறுபக்கத்தை நோக்குவோம். 2022 இல் வெளியான 'ஸ்ரேபிள் டிபியூஷன்', இணையத்திலிருந்து திரட்டப்பட்ட நூற்றுக்கணக்கான கோடிப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. அவற்றை வரைந்தோரின் இசைவு கேட்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில், 2000 ஆம் ஆண்டு முதல் ஓவியர்களுக்குக் களமாயிருந்த 'டீவியன்ற் ஆர்ட்' தளம் அதனை அடிப்படையாகக் கொண்ட 'ட்ரீம்அப்' என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. தம் ஆக்கங்கள் இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படலாகாது என விரும்புவோர் அதனைத் தாமே அறிவித்தல் வேண்டும் என்பது தொடக்க விதி. கண்டனம் எழுந்த பின்னரே அவ்விதி மாற்றப்பட்டது. அடுத்த மாதம் 'ஆர்ட்ஸ்ரேஷன்' தளத்தை ஓவியர்கள் எதிர்ப்புப் படங்களால் நிரப்பினர். 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஓவியர் மூவர் வழக்குத் தொடுத்தனர்.

தாமே வந்து மறுக்காதோர் இசைந்தவராவர் என்ற விதி, வேலியில்லாத வளவு எவர்க்கும் உரிய வளவு என்று சொல்வதை ஒத்தது. காட்சிக்கூடமோ பதிப்பாளரோ அற்ற இளைஞர்க்கு இத்தளங்கள் இடமளித்தன என்பது மெய்யே. ஆயின் அத்தளங்களைப் பெருக்கியதும் அவ்விளைஞரின் கூலியற்ற உழைப்பன்றோ? ஆக்கியோரை மூலப்பொருளாகக் கருதும் உரிமை எவ்விருந்தோம்பலாலும் கிட்டுவதன்று.

மாணவனும் பிறர் ஓவியங்களைப் பார்த்தன்றோ பயில்கின்றான், இயந்திரம் பயின்றாற் குற்றமென்ன என்பர் சிலர். மாணவன் பயின்றபின் தானும் ஓர் ஓவியனாகி, தன் செயலுக்குப் பொறுப்பேற்கின்றான். இயந்திரத்தின் பயிற்சியோ ஒரு நிறுவனத்தின் உடைமையாகிறது. அது தரும் பிக்சல் படங்கள் பலவற்றிற் சதுரங்கள் ஓரளவினவாய் அமைவதில்லை. வரிசை பிசகி, வேண்டாத வண்ணங்கள் கலந்து கிடக்கின்றன. சதுரத்தின் தோற்றம் உண்டு, முடிவு இல்லை. நாளை இக்குறை நீங்கலாம். எமது வாதம் அக்குறையை நம்பி நிற்பதன்று. பிழையின்றிச் செய்தாலுஞ் சூறை சூறையே.

ஆதலின், கலைஞரின் கோரிக்கை எளியது: முதலிற் கேளுங்கள்; இசைந்தாற் கொள்ளுங்கள்; கொண்டாற் பெயரையுங் கூலியையுங் கொடுங்கள். புதுமைக்கு இது தடை என்போர், கேளாமல் எடுப்பதற்கே புதுமை என்று பெயர் சூட்டுகின்றனர். 256 சதுரங்களையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து வைத்தவருக்கு, அவை எங்கே செல்லவேண்டும் என்பதைத் தேரும் உரிமையும் உண்டு.